ஞாயிற்றுக்கிழமைக் கால் வைத்தியம்

கோழி என்றால் எல்லாம் ஒரே கோழிதான் என்று நினைத்ததுதான் லிப்ட்காரர் செய்த முதல் தப்பு. முப்பது வருஷமாக லிப்ட் பழுது பார்க்கிறவர். எட்டுப் பேருக்கு மேல் ஏறாதீர்கள் என்று பலகை மாட்டிய பெட்டிக்குள் பன்னிரண்டு பேர் முட்டி மோதி ஏறினால் என்ன ஆகும் என்று கல்யாண வீட்டில்கூட நாலு பேரை நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பவர். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு, ஐந்து கிலோக் கோழி நெஞ்சு உயரத்திலிருந்து தினமும் குதித்தால் அதன் காலுக்கு என்ன ஆகும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

கோழி ஆசை அவர் மனைவிக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரு பேக்கரியின் கவுண்டரில் நின்றவள். சர்க்கரை வியாதி வந்து, பாதம் மரத்துப்போய், நின்றுகொண்டிருக்கிறோமா இல்லையா என்றே தெரியாத நிலை வந்தபோது முதலாளி அவளைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இரண்டு மாதம் சுவரோடும் டிவியோடும் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் அட்டைப்பெட்டியில் ஆறு குஞ்சுகளோடு வந்து இறங்கினாள்.

"இது பிரம்மா ஜாதியாம். பெருசா வளருமாம்" என்றாள்.

"எவ்வளவு பெருசா?"

"உங்க மச்சினி மாதிரி."

மச்சினி என்றால் அவளுடைய தங்கை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், செருப்புக் கடையில் வேலை. நல்ல வாட்டசாட்டம். அவள் அப்போது பக்கத்திலேயே நின்றிருந்தும் கோபித்துக்கொள்ளவில்லை. அக்காள் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது என்று அவளுக்கும் தெரியும்.

லிப்ட்காரர் பின்கட்டில் கூண்டு கட்டினார். கழித்துப்போட்ட லிப்ட் பெட்டிகளின் பிளைவுட், இரும்பு ஆங்கிள், வேலையிடத்தில் மிஞ்சிய போல்ட்டுகள். கல்லைத் தூக்கிப் போட்டாலும் அசையாத கூண்டு. ஒரு அடி அகலத்தில் வாசல் வைத்தார். உட்காருவதற்கு நெஞ்சு உயரத்தில் உருண்டைக் குழாய் ஒன்றைக் குறுக்கே பொருத்தி, ஏறுவதற்கு ஏணியும் வைத்தார். கோழிக்கு உயரம் பிடிக்கும் என்று சின்ன வயசில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தார்.

குஞ்சுகள் பத்து மாதம் நிற்காமல் வளர்ந்தன. காலில் விரல் நுனிவரை இறகு முளைத்து, பைஜாமா போட்ட மாதிரி நடந்தன. வாசலில் ஒவ்வொன்றும் பிதுங்கிக்கொண்டுதான் வெளியே வந்தது. கண்ணில் பட்டவரையெல்லாம் கொத்துகிற ஒன்றுக்கு மாமியார் என்று அவர் மனைவி பெயர் வைத்தாள். எல்லாரையும் முறைத்துப் பார்ப்பது டீச்சர். மற்ற நான்கும் தூங்குமூஞ்சிகள் என்பதால் மொத்தமாக மூட்டைகள். விடிந்ததும் அவை குழாயிலிருந்து ஒவ்வொன்றாகத் தொப்பென்று விழும் சத்தம் படுக்கையறைவரை கேட்கும். "ஆறும் எறங்கிடுச்சு" என்று எண்ணிவிட்டு லிப்ட்காரர் எழுந்திருப்பார். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

முதலில் நொண்டியது மாமியார். அவள் அதைப் பிடித்துப் புரட்டி, இறகை விலக்கிப் பார்த்தபோது பாதத்தின் நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். கூண்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். லிப்ட்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"யார் சார் கட்டினது இதை?"

"நான்தாங்க."

"கனமான கோழி சார் இது. பறக்கத் தெரியாது, விழத்தான் தெரியும். தினம் இந்த ஒசரத்துலேர்ந்து விழுந்தா பாதம் வெடிக்காம என்ன செய்யும்?"

பிறகு அந்த டாக்டரம்மா வைத்தியத்தைச் செய்து காட்டினார். கோழியைத் துண்டில் சுற்றித் தலையை மூடிவிட்டால் இருட்டு என்று நினைத்து அடங்கிவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பாதத்தை ஊறவைக்க வேண்டும். பொருக்கை பிளேடால் எடுத்தால் உள்ளே சீழ் இருக்கும். பறவைகளுக்குச் சீழ் நம்மைப் போல வடியாது, காய்ந்து கெட்டியாகி மஞ்சளாக ஒரு விதை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதை இடுக்கியால் முழுசாக எடுக்கும்வரை புண் ஆறாது. எடுத்துவிட்டால் பிறகு ஊதா மருந்து, பஞ்சு, கட்டு, அவ்வளவுதான். "விதை வர்ற வரைக்கும் விடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

லிப்ட்காரர் அந்த வாரம் லீவு போட்டுக் கூண்டைப் பிரித்தார். குழாயைக் கழற்றிவிட்டு, தரையிலிருந்து ஒரே அடி உயரத்தில் நாலு விரல்கடை அகலப் பலகை வைத்தார். விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுக்கினார். வாசலை இரண்டு மடங்கு அகலமாக்கினார். ஏணிக்குப் பதிலாக, வழுக்காமல் குறுக்குச் சட்டம் அடித்த சாய்வுப் பலகை. தரையில் ஒரு சாண் ஆழத்துக்கு மரச்சீவல் கொட்டினார். எடை ஏறாமல் இருக்கத் தீவனத்தில் மக்காச்சோளத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். தப்பு செய்தவன் தப்பைத் திருத்தும்போது காட்டுகிற வெறி இருக்கிறதே, அது அவரிடம் இருந்தது.

ஆனால் ஏற்கெனவே கெட்டது கெட்டதுதான். மூன்று கோழிகளுக்குக் காலில் புண் வந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கால் வைத்தியம். அவர் துண்டில் சுற்றி மடியில் பிடித்துக்கொள்வார். அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு பிளேடு பிடிப்பாள். விதை வந்துவிட்டால் அதை இடுக்கியில் தூக்கி அவருக்குக் காட்டுவாள். பள்ளிக்கூடப் பிள்ளை மதிப்பெண் காட்டுவது போல இருக்கும்.

"கைராசிக்காரிம்மா நீ" என்பார் அவர்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று சொன்னால் தப்பில்லை. அவர் லிப்டுக்கும் அவள் கவுண்டருக்கும் போய்வந்து, சாப்பிட்டுத் தூங்கிய வருஷங்கள் எத்தனையோ. இப்போது ஒரு கோழியின் அழுக்குக் காலுக்கு மேல் இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. அவர் சந்தோஷமாக இருந்தார். அதை ஒப்புக்கொள்ளாமல் கதை சொன்னால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். மூன்று கோழிகளுக்கும் புண் ஆறி, மாமியார் பழையபடி எல்லாரையும் கொத்த ஆரம்பித்தது.

அதற்குப் பிறகுதான் மக்காச்சோள மணி விஷயம் நடந்தது. அவள் காலையில் தீவனம் வைக்கப் போகும்போது ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு மணி எப்படியோ விழுந்திருக்கிறது. அதை மிதித்துக்கொண்டே பகல் முழுக்க நடந்திருக்கிறாள். நமக்கானால் மூன்றாவது அடியில் பூட்ஸைக் கழற்றி உதறியிருப்போம். அவளுக்குத்தான் பாதம் மரத்துப்போயிற்றே. மாலையில் கழற்றியபோது மணி பாதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மூட்டைகளுக்கே போட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்குக் கட்டியது.

"அப்படியே நம்ம மாமியாருக்கு வந்த மாதிரியே இருக்குங்க" என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

தங்கை புதன்கிழமை வந்தவள், அக்காள் பாதத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது? சர்க்கரை ஒடம்பு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

"போனா என்ன சொல்லுவாங்க? ஏன் இனிப்பு தின்னேன்னு திட்டுவாங்க. திட்டு வாங்குறதுக்கு வரிசையில வேற நிக்கணுமா?"

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

லிப்ட்காரர் சொல்லியிருக்கலாம். அந்த மாதம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் கேபிள் மாற்றுகிற வேலை. லீவு கேட்டால் மேஸ்திரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதுவுமில்லாமல், அவள் கைமீது அவருக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தது. "பாத்துக்கலாம்மா. இவ கையில ஆறாத புண்ணு உண்டா?" என்றார். தங்கை தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

முதல் ஞாயிறு அவள் உப்புத் தண்ணீரில் காலை வைத்துத் தானே ஏதோ செய்து பார்த்தாள். தன் பாதத்தைத் தானே பார்க்க முடியவில்லை, இடுப்பு வளையவில்லை, தொப்பை வழிவிடவில்லை. இரண்டாம் ஞாயிறு, ஆறின பிறகும் விடாமல் செய்துவந்த கோழிக்கால் சோதனை முடிந்ததும் கூடத்துப் பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு, பாதத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்கதான் பண்ணணும். எத்தன தடவ பாத்துருக்கீங்க."

"பிடிச்சுட்டுத்தானே இருந்தேன். வெட்டுனது நீதானே?"

"என் தலையிலயும் துண்டப் போட்டு மூடிடுங்க, அடங்கிக் கெடக்குறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பிளேடைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். அஜாக்கிரதையாகச் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் செய்தார். பொருக்கு சுலபமாக வந்துவிட்டது. அடியில் சிவப்பாகவும் ஈரமாகவும் இருந்தது. விதையைக் காணோம்.

"ஒண்ணும் இல்லியே."

"உள்ள இருக்கும். விதை வர்ற வரைக்கும் விடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லல?"

"வலிக்குதா?"

"தொட்ட மாதிரியே இல்ல. தைரியமாத் தோண்டுங்க."

வலிக்கவில்லை என்று அவள் சொன்ன அந்த இடத்தில் எவனும் கையை நிறுத்தியிருப்பான். லிப்டில் அடிக்க வேண்டிய நேரத்தில் அலாரம் அடிக்காமல் போனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, அலாரமே செத்துவிட்டது என்று அர்த்தம். இதைத் தன் கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார். அன்று அவருக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. தோண்டினார். ஒரு கொண்டைக்கடலை போகும் அளவுக்குத் தோண்டினார். மனுஷர் பாதத்தில் அப்படி ஒரு விதை கிடையாது என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஊதா மருந்து அடித்தார், பஞ்சு வைத்தார், கோழிக்குப் போடுகிற அதே கட்டு. அடுத்த ஞாயிறு திரும்பவும் தேடினார். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டியிருந்தது. மஞ்சளாக ஏதோ தட்டுப்பட்டதும், "வந்துடுச்சும்மா, வந்துடுச்சு" என்றார். இடுக்கியில் அது நார் நாராகப் பிரிந்தது.

திங்கட்கிழமை வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. கூண்டிலிருந்து என்று அவர் முடிவு கட்டினார். வேலைக்குப் போகும் முன்பே எழுந்து பழைய மரச்சீவலை முழுக்க வாரி வெளியே கொட்டினார். தரையைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு தூவி, புதுச் சீவல் போட்டார். மூட்டைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தன. கையில் மூட்டைத் தேங்காய் உரித்த மாதிரி வலி, இடுப்பு விட்டுப்போயிற்று. குளித்துவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது நாற்றம் அங்கேயே இருந்தது. அவள் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"குளுருதுங்க" என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அப்போதாவது அவர் லீவு போட்டிருக்க வேண்டும். ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மதியம் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில், கிரீஸ் கையோடு தொங்கிக்கொண்டிருந்தபோது மச்சினியின் போன் வந்தது. "மாமா, அக்கா ஏதேதோ பேசுறா. என்னை யாருன்னே தெரியல. நான் ஆம்புலன்ஸ் வரச் சொல்லிட்டேன்" என்று அவள் அழுதாள். அவர் இறங்குவதற்கு லிப்ட் இல்லை, அதைத்தான் பிரித்துப் போட்டிருந்தாரே. ஒன்பது மாடியும் படியில் இறங்கி ஓடினார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர். கட்டைப் பிரித்தவர் விளக்கை இழுத்து வைத்துக் குனிந்து பார்த்தார். குழாயில் மருந்து ஏறி, அவளுக்கு அதற்குள் கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது.

"இது தானா வந்த பள்ளம் இல்ல. கத்தியால தோண்டியிருக்காங்க. யாரு பண்ணது?"

லிப்ட்காரர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"நானேதான் சார்."

"நீங்களா? உங்க காலுக்கு அடியில? எப்படி எட்டிச்சு?"

"எட்டிச்சு சார்."

"எதத் தேடித் தோண்டுனீங்கம்மா? இப்படி எலும்பு தெரியுற வரைக்கும்? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. இது சர்க்கரைக் கால்னு தெரியாதா? ஒங்க கால நீங்களே கொன்னுட்டு வந்திருக்கீங்க!"

டாக்டர் திட்டத் திட்ட அவள் தலையணையில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டரின் பார்வை ஒரு தரம் லிப்ட்காரரின் கைகள்மேல் விழுந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த 'கை கழுவும் முறை' படத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். நான்தான் சார் என்று இரண்டு வார்த்தை. நாக்கு எழும்பவில்லை. கோழை என்று சொன்னால் அவரே ஒப்புக்கொள்வார்.

மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் அவள் அங்கே கிடந்தாள். காலையும் மாலையும் அவர் ஆஸ்பத்திரிக்கும் கூண்டுக்கும் அலைந்தார். தண்ணீர் மாற்றினார், தீவனத்தை அளந்து வைத்தார், வெயில் ஏறினால் கூண்டின்மேல் ஈரச் சாக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் புரட்டினார். மாமியார்கூட அன்று கொத்தவில்லை. ஆறு கோழி, பன்னிரண்டு பாதம், ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. டீச்சரை மடியில் வைத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து அவர் விசும்பி அழுதார். யாரும் பார்க்கவில்லை.

அவளை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இருக்கிற கால தினம் பாக்கணும் சார். அடிப்பாதம், குதிகால், விரல் இடுக்கு எல்லாம். அவங்களால பாக்க முடியாது, உணர்ச்சியும் இல்ல. நீங்கதான் அவங்களுக்குக் கண்ணு." அவர் அதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டார். வழியில் கடையில் நிறுத்தி நகவெட்டி ஒன்று வாங்கினார், தன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வதற்கு.

முதல் நாள் மாலை ஐந்து மணிக்குக் கையை மூன்று தரம் கழுவினார். முக்காலியை எடுத்துவந்து அவள் நாற்காலிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். மடியில் சலவைத் துண்டை விரித்தார்.

"காலை வைம்மா. பாத்துடலாம்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை பாதத்தை நோக்கி வருவதைக் கண்டதும் காலைச் சட்டென்று நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க."

"தினம் பாக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்கல்ல?"

"தங்கச்சி கடை முடிஞ்சு வருவா. அவ பாப்பா."

"நான் பாக்கத்தானே போறேன். கையில பிளேடா வச்சிருக்கேன்?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"தெரியுதுங்க. ஆனா வேணாம்."

அவர் மடியிலிருந்த துண்டின் மடிப்பை நீவிவிட்டார். பிறகு, "எம்மேல கோவம்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. டாக்டர்கிட்ட நானேன்னு ஏன் சொன்ன?" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஊருக்கு முன்னாடி உங்கள விட்டுக் குடுக்க முடியாதுங்க. அதுக்காகச் சொன்னேன்" என்றாள். குரலைத் தணித்துக்கொண்டு, "இது எனக்கு மிச்சம் இருக்குற ஒரே காலு" என்றாள்.

தங்கை வர ஆறரை ஆயிற்று. அதுவரை அவர் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே வந்து கைப்பையை வைத்ததும் எழுந்து இடத்தைக் கொடுத்துவிட்டு, துண்டையும் அவள் கையில் கொடுத்தார்.